ஒரு பிடி தினை

வெளிநாட்டில் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர் ஒருவர், சென்ற கோடையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவர். ஸலாம் கூறி அமர்ந்தவர், சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்:

"ஹஜ்ரத், கொல்லையில் பறவைகளுக்குத் தீனிக் குழல் ஒன்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தினையும் கம்பும் நிரப்பி ஒரு மாதம் ஆகிறது. அணில் வருகிறது, கீழே சிந்துவதைப் பொறுக்கக் காகமும் புறாவும் வருகின்றன. பாடுகிற குருவி ஒன்றுகூட வரவில்லை. ஸுப்ஹு நேரத்தில் எங்கோ ஒன்று பாடுவது மட்டும் கேட்கிறது. அதை நம் வீட்டுக்கு வரவழைக்க என்ன வழி? வராது என்றால், ஒன்றைப் பிடித்துக் கூண்டில் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டா?"

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒன்று பறவையின் இயல்பைப் பற்றியது. மற்றொன்று மார்க்கச் சட்டத்தைப் பற்றியது. இரண்டுக்கும் விடை உண்டு. ஆயினும் அவ்விரண்டுக்கும் நடுவே அவர் கேளாத மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. பறவைக்கு நாம் இடும் தானியம் பறவைக்காகவா, நமக்காகவா? அதனைத் தெளிந்துகொள்ளாமல் மற்ற இரண்டுக்கும் விடை கூறுவதில் பயனில்லை என்று நமக்குத் தோன்றிற்று. இக்கட்டுரை அன்று அவருக்குச் சொன்னதும், பின்னர் நாமே எண்ணிப் பார்த்ததும் ஆகும்.

முதற்கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். தானியம் எல்லாப் பறவைக்கும் உணவன்று. சிட்டுக்குருவியும் தினைக்குருவியும் புறாவும் மணி பொறுக்கும் இனங்கள். நம் கொல்லைகளில் விடியற்காலையில் மிக இனிமையாகப் பாடும் குண்டுக்கரிச்சானோ புழு பூச்சிகளைத் தின்று வாழ்வது. வண்ணாத்திக்குருவி என்றும் இதனை அழைப்பர். ஆண் பறவை கருப்பும் வெள்ளையுமான உடலும், அடிக்கடி மேலே தூக்கி நிறுத்தும் வாலும் உடையது. வங்காள தேசத்தார் 'தோயல்' என்ற பெயரில் தங்கள் தேசியப் பறவையாகக் கொண்டிருப்பது இதனையே. கூடு கட்டும் பருவம் வந்துவிட்டால் ஒரு கிளையின் உச்சியிலோ கூரை முகட்டிலோ அமர்ந்து நெடுநேரம் பாடும். அதற்குத் தினை நிரம்பிய குழலால் யாதொரு பயனும் இல்லை. தேன்சிட்டு பூவை நாடும். கொண்டைக்குருவி பழத்தையும் பூச்சியையும் நாடும். தையற்சிட்டு இலைகளின் இடுக்கில் பூச்சி தேடும். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் இளங்குஞ்சுக்குப் பூச்சிகளையே கொண்டுவந்து ஊட்டும்.

ஆக, அவ்விளைஞர் ஆக்கிவைத்த விருந்து ஒரு சாராருக்கு. அவர் வாசலில் நின்று எதிர்பார்த்த விருந்தாளியோ வேறு ஒருவர். பசியோடு வந்தவர்களைக் கண்டு முகம் சுளித்துக்கொண்டு, அவ்வுணவை விரும்பாத ஒருவருக்காகக் காத்திருப்பதை விருந்தோம்பல் என்று நம் முன்னோர் கூறமாட்டார்கள். காகமும் அணிலும் உண்டது அவருக்கு நட்டம் என்று பட்டது ஏன்? அவர் கொடுக்க நினைத்தது உணவு அன்று; பாட்டுக்கான விலை. விலை கொடுத்தும் சரக்கு வந்து சேரவில்லையே என்ற ஏமாற்றந்தான் அவரை நம்மிடம் அழைத்து வந்தது. இதனை அவரைக் குறைகூறச் சொல்லவில்லை. ஏழைக்கு ஒரு வேளை சோறிட்டுவிட்டு அவன் முகத்தில் நன்றியைத் தேடுகின்ற நம் எல்லோருடைய உள்ளத்திலும் இந்த வாணிபம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பறவை பாடுவது யாருக்காக? பறவைகளை ஆராய்ந்தோர், ஆண் பறவை தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் பாடுகிறது என்பர். திருமறையோ இதற்கும் அப்பால் சென்று, வானங்களிலும் பூமியிலும் உள்ளவையும், சிறகு விரித்துப் பறக்கும் பறவைகளும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன என்றும், அவை ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்தே இருக்கிறது என்றும் ஸூரத்துந் நூரில் அறிவிக்கிறது. நபி தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடம் பறவைகள் திரண்டு வந்து அவர்களோடு சேர்ந்து துதித்தன என்றும் ஸூரத்து ஸாத் கூறுகிறது. அங்கே பறவைகளைக் கூட்டியது தானியம் அன்று, துதி. எந்த வகையில் பார்த்தாலும், விடியலில் நம் காதில் விழும் அந்தப் பாட்டு நமக்காகப் பாடப்படுவது அன்று. ஒருவர் தம் இறைவனை நோக்கி ஓதுவதை அடுத்த அறையிலிருந்து கேட்டு மகிழும் நிலைதான் நம்முடையது. கேட்டு மகிழ்வதில் தவறில்லை. ஓதுபவரை விலைக்கு வாங்க முயல்வதுதான் தவறு.

இனி இரண்டாம் கேள்வி. இதில் நம் விருப்பத்தைச் சட்டமாக்கிச் சொல்ல நமக்கு உரிமையில்லை. உள்ளதை உள்ளவாறே சொல்ல வேண்டும். அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர், நுகைர் என்ற சிறு பறவை ஒன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துவிட்டது. பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அச்சிறுவரிடம் அன்போடும் விளையாட்டாகவும் அப்பறவையைப் பற்றி விசாரித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நிகழ்ச்சி இது. ஷாஃபிஈ மத்ஹபின் இப்னுல் காஸ் ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்து ஒரு தனி நூலே எழுதினார்கள். துன்புறுத்தாமல் பறவையை வைத்திருக்கலாம் என்பதற்கு இதனை அறிஞர்கள் ஆதாரமாகக் கொள்வர். இன்னும் நேரடியாக, குரலைக் கேட்பதற்காகப் பறவையைக் கூண்டில் அடைக்கலாமா என்று இமாம் கஃப்பால் அவர்களிடம் கேட்கப்பட்டபோது, அதற்குத் தேவையானவற்றை உரியவர் கவனித்து வந்தால் கூடும். அது கட்டி வைக்கப்படும் கால்நடையைப் போன்றது என்று விடையளித்ததாக, கதீபுஷ் ஷிர்பீனி அவர்கள் முஃக்னில் முஹ்தாஜில் எடுத்தெழுதுகிறார்கள்.

மறுபுறம், ஹன்பலி மத்ஹபின் அறிஞர்கள் பலர் இதனை வெறுத்தனர். பாடும் பறவையைப் பாட்டுக்காக அடைத்து வைப்பது மனிதனுடைய தேவையைச் சேர்ந்தது அன்று. அது செருக்கும் சொகுசும் ஆகும். அடைத்து வைத்தல் பறவைக்கு வேதனை என்பது அவர்களின் காரணம். இப்னு முஃப்லிஹ் அவர்களின் நூலில் இக்கருத்தைக் காணலாம்.

இருசாராரும் நம் மதிப்புக்குரியவர்களே. ஆனால், அனுமதித்தவர்கள் வைத்த நிபந்தனையைக் கூர்ந்து நோக்க வேண்டும். "தேவையானவற்றைக் கவனித்து வந்தால்" என்பதுதான் அந்த ஃபத்வாவின் உயிர். அப்படியாயின் ஒரு பறவைக்குத் தேவையானவை யாவை? தீனியும் தண்ணீரும் மட்டுமா?

இவ்விடத்தில் நம் சிறு வயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்ல இயலவில்லை. நமக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். முற்றத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து, ஒரு பக்கத்தைக் குச்சியால் முட்டுக்கொடுத்து, குச்சியில் நூல் கட்டி, கூடைக்குள் ஒரு பிடி தினையைத் தூவிவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். நெடுநேரத்துக்குப் பின் ஒரு தினைக்குருவி உள்ளே வந்தது. நூலை இழுத்தோம். பழைய எலிக்கூண்டு ஒன்றைக் கழுவி அதனுள் விட்டோம். அதன் மேல் நமக்கு இருந்தது உண்மையான அன்பு, இதில் ஐயமில்லை. நம் பங்குப் பழத்தைக்கூட அதற்கு வைத்தோம். கூண்டு நிறையத் தினை இருந்தது. அது கம்பியில் தலையை முட்டிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் காலையில் தினையின் மேலேயே விழுந்து கிடந்தது. அழுதுகொண்டு உம்மாவிடம் ஓடினோம். அவர்கள் அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "நாலு நாளும் தீனி வச்சே, வாப்பா. ஒரு நாளாவது கதவைத் திறந்து வச்சியா?" என்று மட்டும் கேட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து மதரஸாவில், பூனையைக் கட்டிவைத்து அதனால் நரகம் புகுந்த பெண்ணைப் பற்றிய ஹதீஸைப் பாடமாக ஓதியபோது உம்மாவின் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அப்பெண் பூனைக்கு உணவளிக்கவில்லை. அது தானே தேடித் தின்னும்படி அவிழ்த்து விடவும் இல்லை என்று இரண்டு குற்றங்கள் அந்த ஹதீஸில் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. நாம் முதற்குற்றத்தைச் செய்யவில்லை. அந்தக் குருவிக்கு நாம் கொடுக்காதது இரண்டாவதுதான். இன்றும் நாம் முற்றத்தில் தினை வைக்கிறோம். அதே தானியம், அதே கை, அன்பும் அதேதான். அன்று அது கண்ணியாயிற்று. இன்று ஸதகா ஆக வேண்டும் என்று விரும்புகிறோம். இரண்டையும் பிரிப்பது பறவை திரும்பிச் செல்லும் வழி ஒன்றுதான்.

அன்பு மட்டும் போதாது என்பதற்கு நம் சிறுவயதுக் கூடையைவிடப் பெரிய சான்று உண்டு. நம் ஊர்களோடு பல நூற்றாண்டுத் தொடர்புடைய மலாய், ஜாவா நாடுகளில் பாடும் பறவை வளர்ப்பது பெருமைக்குரிய மரபு. வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் என்னும் குத்துவாள் ஆகியவற்றோடு பறவையும் உடையவனே நிறைவான ஆண்மகன் என்பது பழைய ஜாவானிய வழக்கு. இன்று அங்கே பறவைகளின் பாட்டுப் போட்டிகள் பெரும் பரிசுகளோடு நடைபெறுகின்றன. அதன் விளைவாகக் காடுகளில் வலையிட்டுப் பிடிப்பது ஒரு தொழிலாகவே பெருகிவிட்டது. வைக்கோல் நிறத் தலையுடைய புல்புல் இனம் ஒன்று மிகச் சிறந்த பாடகர் என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரே அதற்குக் கேடாயிற்று. ஜாவாக் காடுகளில் அது அற்றுப்போனதாகவே கருதப்படுகிறது. 2018-ஆம் ஆண்டில், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அதனை அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பாட்டை வெறுத்த ஒருவரும் அதனைப் பிடிக்கவில்லை. நேசித்தவர்களே பிடித்தார்கள்; காடு ஊமையாயிற்று. இமாம் கஃப்பால் அவர்களிடம் கேள்வி கேட்டவர் மனத்தில் இருந்தது ஒரு வீட்டுக் கூண்டு. ஓர் இனமே அழிந்துபோகும் நிலை அக்கேள்வியில் இல்லை. நிலைமை மாறும்போது, அந்த ஃபத்வாவின் நிபந்தனை முன்னிலும் கனமாகிறது என்றே நாம் கருதுகிறோம். நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் அடைத்து வைப்பதையும் தடுத்திருக்கிறது. ஆகவே இளைஞருக்கு நாம் கூறிய விடை சுருக்கமானது: "தம்பி, கூண்டை மறந்துவிடுங்கள்."

அப்படியானால் திறந்த வெளியில் தட்டு வைத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிட்டதா? இல்லை. பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்தில் பறவைக்குத் தீனி வைப்பது மிகப் பரவலான வழக்கம். அங்கே 2005-ஆம் ஆண்டில், புறாக்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி நோய், கிரீன்ஃபிஞ்ச் எனப்படும் பச்சைநிறக் குருவிகளிடையே கண்டறியப்பட்டது. அது தொண்டையைத் தாக்கும். நோயுற்ற பறவையால் விழுங்க முடியாது. அது வாயிலெடுத்துக் கீழே போட்ட தானியத்தையும், வாய்வைத்த தண்ணீரையும் அடுத்த பறவை உட்கொள்ள, நோய் தொற்றும். பல பறவைகள் ஒரே இடத்தில் கூடி உண்ணும் தீனித் தட்டுகள் இந்நோய் பரவுவதற்கு வழியாயின. எங்கும் காணப்பட்ட அந்தக் குருவி வெகுவாகக் குறைந்து, 2021-ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஆபத்துக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றது. தட்டு வைத்தவர்கள் நல்லெண்ணம் உடையவர்கள்தாம். நிய்யத் நல்லதாயிருந்தால் போதும், செயலின் விளைவைப் பார்க்கத் தேவையில்லை என்று எண்ணுவோருக்கு இது ஒரு படிப்பினை. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. ஆனால் நல்ல எண்ணம் உடையவன் தட்டைக் கழுவவும் செய்வான்.

ஆகவே தீனி வைப்போர் சிலவற்றைக் கடமையாகக் கொள்ள வேண்டும். ஒரு நாளில் தின்று தீரும் அளவே வைக்க வேண்டும். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து, நாள்தோறும் பழையதைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து நிரப்ப வேண்டும். பூனை பதுங்கிப் பாயும் இடத்தில் வைக்கலாகாது. உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிச்சச் சோற்றை இடலாகாது. நோயுற்ற பறவையைக் கண்டால், கூட்டம் குறைந்துவிடுமே என்று வருந்தாமல், சில நாட்கள் தீனியை நிறுத்திவிட வேண்டும். காட்சிக்காக வைப்பவருக்கு இந்தக் கடைசிச் செயல் கடினமாயிருக்கும். பறவைக்காக வைப்பவருக்கு எளிதாயிருக்கும். தம் நிய்யத் எத்தகையது என்று அறிய விரும்புவோர் இதனையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலான ஒரு வழியையும் பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு முஸ்லிம் மரம் ஒன்றை நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து பறவையோ மனிதனோ கால்நடையோ உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்பது ஆதாரபூர்வமான ஹதீஸின் கருத்து. இதில் பறவையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்க. மரம் விருந்தினரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பூவில் தேன்சிட்டும், பழத்தில் கொண்டைக்குருவியும், இலையில் தையற்சிட்டும், உதிர்ந்த சருகின் கீழே குண்டுக்கரிச்சானும், கிளையில் காகமும் தத்தம் ரிஸ்கைக் காண்கின்றன. உண்டவை பாடினவா என்று மரம் கணக்கெடுப்பதில்லை. உஸ்மானிய துருக்கியர் இதே பண்பைக் கல்லில் செய்து வைத்தனர். இஸ்தான்பூலின் உஸ்குதாரில் 1708 முதல் 1710 வரை கட்டப்பட்ட புதிய வாலிதே பள்ளிவாசலின் சுவரில், பறவைகளுக்கென்றே செதுக்கிய சிறு கல்மாளிகைகளை இன்றும் காணலாம். மாடமும் கூரையும் உடைய அந்த வீடுகளுக்கு வாசல் உண்டு. அடைக்கும் கதவு இல்லை.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். காலையில் ஒட்டிய வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவையைத் தவக்குலுக்கு உவமையாகப் பெருமானார் கூறியிருக்க, அதற்கு நம் தட்டு எதற்கு? உண்மைதான். நாம் அதற்கு ரிஸ்க் அளிப்பவர்கள் அல்லோம். நாம் பத்து நாள் வெளியூர் சென்றாலும் அது வேறிடம் தேடிக்கொள்ளும். அப்படித் தேடிக்கொள்வதே நல்லது. ஆனால் அந்தப் பறவை கூட்டில் அமர்ந்திராமல் புறப்பட்டுச் செல்கிறது என்பதும் அந்த உவமையில் உள்ள செய்தி. அது செல்லும் வழியில் அல்லாஹ் வைத்திருக்கும் பல்லாயிரம் காரணங்களுள் நம் சட்டித் தண்ணீரும் ஒன்றாக அமையுமானால், அந்தப் பேறு நமக்கேயன்றிப் பறவைக்கன்று. வெட்டி எடுத்த மரங்களுக்கும், சிமெண்டு பூசி மூடிய கொல்லைகளுக்கும் நாம் பட்டிருக்கும் கடனை நினைத்தால், அதனைத் தருமம் என்று கூறவும் நா கூசுகிறது. கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்பதே பொருந்தும்.

இளைஞர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் பாட்டுக் கேட்க ஆசைப்படுவதே தவறா, ஹஜ்ரத்?" என்றார். "இல்லை, தம்பி. ஆசைப்படுங்கள். ஒரு செம்பருத்தியும் ஒரு முருங்கையும் வையுங்கள். கொல்லையில் ஒரு மூலையைக் கூட்டிப் பெருக்காமல் சருகோடு விட்டுவிடுங்கள். மருந்து தெளிக்காதீர்கள். வந்தால் கேளுங்கள், வராவிட்டால் காகத்துக்கு வைத்த கூலியும் அல்லாஹ்விடம் குறையாது" என்றோம். அவர் சிரித்துக்கொண்டு விடைபெற்றார். செம்பருத்தி வைத்துவிட்டதாகப் பின்னர் சொல்லி அனுப்பினார். பறவை வந்ததா என்று நாம் கேட்கவில்லை.

நம் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் ஸுப்ஹுக்குப் பின் சட்டியைக் கழுவி, முந்திய நாள் தண்ணீரை முருங்கையின் அடியில் ஊற்றுவது வழக்கம். அந்த ஈர மண்ணில் புழுக்கள் உண்டாகியிருக்க வேண்டும். இவ்வாண்டு சித்திரையில் ஒரு குண்டுக்கரிச்சான் அங்கே இறங்கிற்று. வைத்திருந்த தினையை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. கொட்டிய தண்ணீரின் ஈரத்தில் கொத்தித் தின்றுவிட்டு, முருங்கைக் கிளையில் ஏறி வாலைத் தூக்கிச் சிறிது நேரம் பாடிவிட்டுப் போயிற்று. நாம் வைத்ததற்காக அது வரவில்லை. பாடியதும் நமக்காக அன்று. ஆயினும் கேட்டுக்கொண்டு நின்றோம். அல்ஹம்து லில்லாஹ்.